பறை காயும் வரை: சேலத்தில் ஐந்து நாள்

அக்கா மகன் சென்னையில் படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடும் நேரம் போக மீதி நேரத்தில் பறை கற்றுக்கொள்கிறான். "சேலம் பக்கம் பம்பை, கூத்து எல்லாம் இன்னும் உயிரோட இருக்காம் மாமா. சேர்வராயன் மலையிலயும் பாட்டு இருக்காம். போலாமா?" என்றான். நான் மாயவரத்துக்காரன். நாதஸ்வரமும் தவிலும் காதில் விழுந்தே வளர்ந்தவன். மேற்கே போனால் என்ன வாசிக்கிறார்கள் என்று சரியாகத் தெரியாது. சரி என்று விடுப்பு போட்டேன். திரும்பி வந்து இரண்டு நாள் தூங்கியே கழிந்தது. அப்புறம்தான் குறிப்பு நோட்டைத் திறந்தேன். நாள் வாரியாகப் போடுகிறேன்.

ஜூலை 17, வியாழன் (ஆடி 1)

அம்மாபேட்டையில் நண்பனின் வீடு. நண்பன் வெளியூரில். அவனுடைய அம்மா மட்டும் இருந்தார். ஒருகாலத்தில் வீட்டிலேயே பட்டுத்தறி ஓடியிருக்கிறது. இப்போது தறிக்குழியை மூடி மேலே பீரோ வைத்திருக்கிறார்கள். "தம்பி முதல்ல சாப்புடுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று இட்லி வைத்தார். எட்டாவது இட்லியில்தான் விட்டார்.

ஆடி முதல் நாள் சேலத்தில் தேங்காய் சுடுகிறார்கள். எங்கள் பக்கம் இது கிடையாது, அதனால் சாயங்காலம் முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். தேங்காயின் நாரைச் சிமென்ட் தரையில் தேய்த்து மொழுமொழுவென்று ஆக்கிவிடுகிறார்கள். ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை வடித்து, உள்ளே பொட்டுக்கடலை, எள், பச்சைப்பயறு, அவல், வெல்லம் எல்லாம் போட்டு, கொஞ்சம் தண்ணீரைத் திரும்ப ஊற்றுகிறார்கள். கண்ணில் அழிஞ்சிக் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசி, தெருவில் மூட்டிய நெருப்பில் காட்டுகிறார்கள். ஓடு வெடிக்கும் வரை சுட்டு, பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுச் சாப்பிட வேண்டியதுதான். புகை வாசமும் வெல்லமும் கலந்து ஒரு ருசி. பாரதப்போர் ஆடி 1-இல் தொடங்கி 18-இல் முடிந்தது, அதன் நினைவாகத்தான் இது என்று அம்மா சொன்னார். குச்சிக்கு மட்டும் கடையில் இருபது ரூபாயாம். "எங்க காலத்துல வேலியில ஒடிச்சுக்குவோம்" என்று அலுத்துக்கொண்டார்.

தப்பு இங்கேதான் நடந்தது. நெருப்பைப் பார்த்ததும் மருமகனுக்குக் கை துறுதுறுத்தது. உறையிலிருந்து பறையை எடுத்தான். பிளாஸ்டிக் முகம் வைத்த பைபர் பறை இல்லை, அசல் மாட்டுத்தோல் என்று அவனுக்கு அதில் ஒரு பெருமை. மூன்று கட்டைகளை இரும்புப் பட்டையால் சேர்த்த வளையம், புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய தோல். அதைத் தீயில் காட்டிக் காட்டி விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் ஏறியதும் நாலே நாலு அடி அடித்தான்.

மூன்று வீட்டுக் கதவு திறந்தது. எதிர் வீட்டு அக்கா கையில் மாவோடு ஓடி வந்து, "யாருங்க? எந்த வீடு?" என்றார். மூலை வீட்டுப் பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியே விட்டார். யாரும் சாகவில்லை என்று சொல்லிப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. கோபமாகப் பேசவில்லை. "தம்பி, இந்தத் தப்பட்டையை வீட்டு முன்னால அடிக்கக் கூடாதுங்க" என்று மட்டும் சொன்னார். "பறைன்னு சொல்லுங்க பாட்டி" என்று அவன் ஆரம்பித்தான். நான் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். மேடையில் அது விடுதலைக்கான வாத்தியம் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தெருவில் அது எந்தச் சாதிக்காரர் எந்த வேலைக்கு அடிப்பது என்ற கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. அம்மாவைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரிலும் தவில் கூடத்துக்குள் வரும். பறை தெருமுனையோடு நின்றுவிடும்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. திருமணிமுத்தாற்றங்கரையில் கோட்டை மாரியம்மன். ஊரிலுள்ள எட்டு மாரியம்மன்களுக்கு இவள்தான் தலைமை என்கிறார்கள். காலை ஆறு மணிக்கே வரிசை தெருவைத் தாண்டியிருந்தது. ஆற்றங்கரை என்று எழுதிவிட்டேன், அந்த ஆற்றில் ஓடுவது சாக்கடை. பெருவிழாவின் பூச்சாட்டு இன்னும் ஆகவில்லை. ஆனபிறகு வந்தால் சேலத்தில் குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை பார்க்கலாம், ஆட்களே சாமி வேடம் போட்டு அலங்கார வண்டியில் வருவார்கள் என்று பூக்கடைக்காரர் ஆசை காட்டினார். பூ முழம் நாற்பது ரூபாய் என்றதும் ஆசை அடங்கியது.

கூழ் தெருவுக்குத் தெரு சும்மாவே கிடைத்தது. கம்மங்கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். மதியத்துக்கு மேல் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், காரட், வெங்காயம் துருவல், காரச் சட்னி, புளிப்புச் சட்னி. செட் முப்பது ரூபாய். மருமகன் நாலு செட் தின்றான். கடைக்காரர் அவன் உறையைப் பார்த்து, "என்ன தம்பி, கேரம்போர்டா?" என்றார். அன்றைக்கு அந்தத் தெருவில் அதைப் பறை என்று அடையாளம் தெரியாத ஒரே மனிதர் அவர்தான்.

சாயங்காலம் குகைப் பக்கம் ஒரு சின்ன அம்மன் கோயில். கரகம் அழைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். பம்பையை முதல் தடவை பக்கத்தில் பார்த்தேன். இடுப்பில் இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒன்று மரம், ஒன்று வெண்கலம். மரம் பேசினால் வெண்கலம் பதில் சொல்கிறது. கூடவே ஒருவர் உடுக்கை, ஒருவர் கையில் சிலம்பு. தவிலில் எனக்குக் கணக்குத் தெரியும். எங்கே கோர்வை முடியும், எங்கே தலையாட்ட வேண்டும் என்று தெரியும். இதில் தலையாட்ட இடமே இல்லை. மெதுவாக ஆரம்பிக்கிறார்கள். அம்மனை வர்ணித்து, ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். குரல் ஏற ஏற அடி நெருங்குகிறது. ஆடும் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு அடிக்கிறார் பம்பைக்காரர். அவள் தோள் அசைந்தால் அடி ஏறுகிறது, கண் தாழ்ந்தால் இறங்குகிறது. சபை ரசிக்கிறதா என்று ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவருக்கு அங்கே கேட்பவர் ஒரே ஒருவர்தான், அதுவும் கர்ப்பக்கிருகத்தில்.

எல்லாம் முடிந்ததும் பம்பைக்காரரை டீக்கடையில் பிடித்தோம். ஐம்பது வயதிருக்கும். ஓமலூருக்கு அந்தப் பக்கம் ஊர். ஆடி வந்தால் தூக்கமே கிடையாது என்றார். இதை நான் யோசித்ததே இல்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, எங்கள் ஊர் நாதஸ்வரக்காரர்கள் சீவாளியைப் பெட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதே மாதம்தான் பம்பைக்கு அறுவடை. நாலு பேர் கொண்ட செட்டுக்கு ஒரு ராத்திரிக்கு ஆறாயிரம், வண்டி வாடகை தனி. புரட்டாசி பிறந்தால் அவர் ஜவ்வரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார்.

உடுக்கைக்காரர் அண்ணன்மார் கதை பாடுவாராம். பொன்னர், சங்கர், அருக்காணித் தங்காள் கதை. கொங்குநாடு முழுக்க உடுக்கையடித்துப் பாடுவது. 1965-இல் காங்கயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர் இதை இரவு இரவாக உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தார். "ஒரு அஞ்சு நிமிசம் பாடுங்களேன் ஐயா" என்று மருமகன் போனை நீட்டினான்.

"அஞ்சு நிமிசத்துல பொறந்த சாமியைச் சாகடிக்கவா கண்ணு?" என்று அவர் சிரித்தார். பம்பைக்காரரிடம் கேட்டான். அவர் சிரிக்கவில்லை. "வேண்டுதல் இல்லாம பம்பையைத் தொட மாட்டனுங்க. அடிச்சா வந்துரும். வந்தா அனுப்பி வைக்கணும். டீக்கடையில வச்சு என்ன பண்றது?"

அவன் போனை மடக்கினான். கிளம்பும்போது பம்பைக்காரரே கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தன் ஊரில் ஒரு சாவு வீட்டுக் கூத்து இருக்கிறது, பார்க்க ஆசையென்றால் வாருங்கள் என்றார். டீக்கு நான் காசு கொடுக்கவும் விடவில்லை.

ஜூலை 19, சனி

ஏற்காடு பேருந்தில் கூட்டம். வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு தெரிந்தது. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ. இப்போது வளைவுதான் மிச்சம், அதன் முன்னால் நின்று ஆட்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மலை ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு. பதினோராவது வளைவில் பின்சீட்டுக் குழந்தை என் சட்டை மேல் வாந்தி எடுத்தது. அதன் அம்மா துடைத்த துடைப்பில் சட்டைப் பொத்தானும் போனது. "மன்னிச்சுக்குங்கண்ணா" என்று சொல்லி ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொடுத்தார். நல்ல கொய்யா.

மேலே மழை என்று சொல்ல முடியாது. மேகத்துக்குள் நடப்பது மாதிரி. ஐந்து அடிக்கு அப்பால் சில்வர் ஓக் மரம் இருக்கிறதா என்பதே நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம். அந்த மரநிழலில் காபிச் செடி. 1820-களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த செடி. கடையில் ஒரு டம்ளர் காபி இருபத்தைந்து ரூபாய், சிக்கரி வாசம் தூக்கல். காபி விளையும் மலையில் நல்ல காபி குடிக்க வேண்டுமென்றால் யாராவது வீட்டுக்குத்தான் போக வேண்டும் போலிருக்கிறது.

சேர்வராயன் கோயில் 5,326 அடி உயரத்தில், மலையின் தட்டையான உச்சியில் இருக்கிறது. கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அது ஒரு குகை. குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து உள்ளே போனால் சேர்வராயனும் பக்கத்தில் காவேரியம்மனும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவிரி கடலில் சேரும் பக்கத்திலிருந்து வருகிறேன். ஆடிப்பெருக்கைக் கீழே கொண்டாடிவிட்டு, அவள் இங்கே மேகத்துக்குள் குந்தியிருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். குகைக்குள் நீர் சொட்டும் சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

"பாட்டு, மேளம் எல்லாம் எப்போ?" என்று வெளியே பொரி விற்ற பாட்டியிடம் கேட்டோம்.

"அது மே மாசத்துல சாமி. எல்லா ஊர்க்காரங்களும் வருவாங்க. இப்ப வந்து கேட்டா?"

அதுதானே. இணையத்தில் 'சேர்வராயன் திருவிழா' என்று படித்தவன், எந்த மாதம் என்ற வரியைப் படிக்கவில்லை. அவன் காதைப் பிடித்துத் திருகலாம் போலிருந்தது. ஆனால் அவன் இருபத்திரண்டு வயது ஆள், என்னைவிட உயரம்.

பாட்டி மலையாளி. கேரளம் இல்லை, மலையை ஆளுகிறவர் என்ற பொருளில் மலையாளி. மூன்று அண்ணன் தம்பிகள் காஞ்சியிலிருந்து கிளம்பி வந்ததாகவும், பெரியண்ணன் இந்த மலைக்கு வர, நடுவண்ணன் பச்சைமலைக்கும் சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனதாகவும் சொன்னார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் இந்த மூன்று அண்ணன் தம்பி கதையை 1909-இல் அச்சில் போட்டிருக்கிறார். பாட்டி அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அவர் சொன்னதில் இருந்த ஒரு விஷயம் புத்தகத்தில் வராது. 'பெரியண்ணன்' என்று சொல்லும்போதெல்லாம் நாங்கள் நின்றிருந்த மண்ணைக் கையால் தட்டினார்.

பாட்டு தெரியுமா என்று கேட்டதற்கு, சாமைக் களை எடுக்கும்போது பாடுவோம், இப்போது சாமை போடுகிறவர்கள் யார், எல்லாம் காபியும் மிளகும்தானே, எஸ்டேட்டில் மேஸ்திரி நிற்கும்போது எங்கே பாடுவது என்றார். அவ்வளவுதான். பொரி பத்து ரூபாய்.

நாகலூர் பக்கம் நடந்தோம். ஒரு டீக்கடைச் சாய்ப்பின் கீழே ஒதுங்கியபோது மருமகன் பறையை எடுத்துத் தட்டினான். ஈரச் சாக்கைத் தட்டின மாதிரி தொப்பென்றது. மேகம் உறைக்குள்ளேயே போயிருக்கிறது. குறிஞ்சி நிலத்துக்குத் தொண்டகப்பறை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்தக் குறிஞ்சிக்காரர்கள் இந்த ஈரத்தில் எப்படி அடித்தார்களோ!

கடையில் உட்கார்ந்திருந்தவர் அந்த ஊர் மேளக்காரராம். சிரித்துக்கொண்டே எழுந்து போய்த் தன் பறையை எடுத்து வந்தார். வெள்ளை முகம், பைபர். மழையில் நனைத்தே காட்டினார். கணீரென்று கேட்டது. "நாங்க இதுக்கு மாறி ரொம்ப நாளாச்சு தம்பி. மெட்ராஸ்காரங்க நீங்க தோலைத் தூக்கிட்டு மலைக்கு வர்றீங்க" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. மருமகனின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

தோல் பறை அவரிடமும் இருக்கிறது. அடுப்புக்கு நேர் மேலே பரணில் தொங்குகிறது, புகை பட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். வருசத்தில் சாமிக்கு ஒரு தடவை மட்டும் இறக்குவார். "பைபர் காசுக்கு. அது சாமிக்கு." இறக்கிக் காட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. டீக்கடைப் பாடம் முந்தைய நாளே படித்தாகிவிட்டதே.

ராத்திரி தங்கிய அறை 1,800 ரூபாய். வெந்நீர் வரவில்லை, கேட்டதற்கு 'சீசன் இல்லைங்க' என்று பதில். சீசன் இல்லாவிட்டால் குளிர் கூடும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் இறங்கினோம். கீழே வெயில் சுள்ளென்று அடித்தது. பகலில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். யாளியின் வாய்க்குள் உருளும் கல்லை உருட்டிப் பார்த்தேன், சிற்பங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கால் சுட்டதுதான் இப்போது ஞாபகம் இருக்கிறது.

ஓமலூரிலிருந்து பம்பைக்காரர் ஊருக்கு ஆட்டோ 250 ரூபாய். எண்பது வயதில் போன ஒரு பெரியவரின் கருமாதியையொட்டிய இரவு. இந்தப் பக்கமெல்லாம் சாவு வீட்டில் கர்ண மோட்சம் கூத்து வைப்பது வழக்கம். மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியிலிருந்து மணல்வீடு இதழ் நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் இந்தக் கூத்துக்காரர்களுக்காகவே களரி என்று ஓர் அமைப்பு வைத்திருப்பது தெரியும். கூத்தை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சாவு வீட்டுக்குக் கூப்பிடாமல் போகிறோமே என்று கூச்சமாக இருந்தது. வாசலிலேயே ஒரு அண்ணன், "வாங்க, சாப்புட்டீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். வாழை இலையில் சோறு, தட்டைப்பயறுக் குழம்பு, ரசம். யார், எங்கிருந்து என்ற கேள்வியெல்லாம் மோருக்கு அப்புறம்தான்.

கூத்து தொடங்கும் முன்னால் தெருமுனையில் பறைக்காரர்கள் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மருமகன் போய் நின்றான். அவர்களில் மூத்தவர் அவன் உறையைப் பார்த்துவிட்டு, "எடு சாமி பார்க்கலாம்" என்றார். தோலைத் தடவினார், மோந்து பார்த்தார், தீயில் மூன்று சுற்றுச் சுற்றினார். சுண்டுகுச்சியால் ஓரத்தில் ஒரு தட்டு. முந்தைய நாள் மலையில் தொப்பென்று கிடந்த சனியன் கூவியது! பறையின் அடிவகைகளில் ஒத்தை அடியில் ஆரம்பித்துச் சாமிச்சாத்துக்குப் போய், மாரடிப்பில் வந்து நின்றார். அஞ்சு நிமிடம் இருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டு, "தோல் நல்ல தோல். காய விடமாட்டேங்கிற, அவசரப்படற" என்றார். அப்புறம் அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இவன் அன்று இரவு முழுக்கப் பறையை எடுக்கவில்லை. நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்கு வைக்கோல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கூத்து பத்தரைக்கு. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். முகவீணை சின்னக் குழல், ஆனால் நாதஸ்வரத்தின் முரட்டுத் தம்பி. பந்தலில் வேட்டியைத் திரையாகப் பிடிக்கிறார்கள். கர்ணன் அதற்குப் பின்னால் நின்றே பாடுகிறான், நமக்குத் தெரிவதெல்லாம் கிரீட நுனியும் சலங்கைச் சத்தமும். திரை விலகினால் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடி பதித்த புஜகீர்த்தி என்ற தோளணிகளோடு ஒரு ஆள் அகலத்துக்கு மூன்று ஆள் அகலம். கோமாளியாக வரும் கட்டியங்காரன் நடுநடுவே செத்துப்போன தாத்தாவையே கிண்டல் செய்தான். கடன் கொடுத்தால் திரும்பக் கேட்க மாட்டாராம், ஏனென்றால் கொடுக்கவே மாட்டாராம். மகன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கர்ணனின் மனைவி பொன்னுருவி வேடம் கட்டியது மீசை மழித்த ஒரு ஆண். கர்ணனின் பிறப்பைக் குத்தி அவள் பேசிய பேச்சுக்குப் பின்வரிசைப் பெண்கள் முணுமுணுத்தது நாடகத்துக்கா, சொந்தக் கணக்குக்கா என்று தெரியவில்லை.

இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை நான் தூங்கிவிட்டேன். மறைக்க ஒன்றுமில்லை.

எழுந்தபோது கர்ணன் விழுந்துகொண்டிருந்தான். குந்தி வந்து மகனை மடியில் போட்டு ஒப்பாரி வைத்தாள். அதுவரை பந்தல் காலில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த அந்த வீட்டுப் பாட்டி, புருசன் போன பதினைந்து நாளும் அழவில்லையாம், குந்தியின் இரண்டாவது அடியிலேயே கூடச் சேர்ந்துகொண்டாள். குந்தி வேடக்காரர் நிறுத்தவில்லை. பாட்டி மூச்சு வாங்கும்போது அவர் எடுத்தார், அவர் நிறுத்தும்போது பாட்டி எடுத்தாள். முகவீணைக்காரர் சுருதியைப் பாட்டியின் குரலுக்கு இறக்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை டீக்கடையில் ஐந்து நிமிடம் கேட்டோமே என்று அப்போது உடம்பெல்லாம் கூசியது.

ஜூலை 21, திங்கள்

ஆறு மணிக்குக் கர்ணனுக்கு மோட்சம். ஏழு மணிக்கு அதே கர்ணன் முகத்தில் பாதி அரிதாரத்தோடு டிவிஎஸ் வண்டியில் பால் கேனுக்கு நடுவே எங்களைத் தாண்டிப் போனார். கை காட்டினார்.

நகரப் பேருந்தில் நடத்துனர் பறைக்கு லக்கேஜ் கேட்டார். மருமகன் எதுவும் பேசாமல் கொடுத்தான். நாலு நாளைக்கு முன்னால் என்றால் ஒரு சொற்பொழிவு நடந்திருக்கும்.

அம்மாபேட்டையில் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கீங்க, அப்படியே கொல்லைக்குப் போய்த் தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வாங்க." ஊற்றிக்கொண்டோம். "அது?" என்று மருமகன் பறையைக் காட்டினான். அது வெளியிலேயே இருக்கட்டும் என்றார். துணி துவைக்கும் கல்மேல் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போய், சாப்பிட்டு, இருவரும் கட்டை மாதிரி தூங்கினோம்.

மத்தியானம் தூறல் சத்தத்தில் அவன் திடுக்கிட்டு எழுந்து கொல்லைக்கு ஓடினான். பின்னாலேயே போனேன். பறையைக் காணோம். துவைக்கிற கல் நனைந்துகொண்டிருந்தது. விறகுச் சாய்ப்புக்குள் வெந்நீர் அடுப்பின் ஓரமாக, ஜவ்வரிசிச் சாக்கு ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்றது.

"தொடலைங்க, குச்சியால நகத்தி வச்சேன்" என்றார் அம்மா, எங்களைப் பார்க்காமல். "காப்பி போடட்டுங்களா?"